மெழுகும் சாயமும்: ஒரு மாணவியின் சோதனைகள்



துணி என்றால் தீபாவளிக்கு எடுப்பது, பள்ளிச் சீருடைக்கு வாங்குவது, பழையதாகிவிட்டால் வேலைக்கு உடுத்துவது. அதற்கு மேல் நாம் அதைப்பற்றி எண்ணுவதில்லை. ஆனால் துணிக்கு வண்ணம் ஊட்டுவதும், அதில் கோலம் அமைப்பதும், அதை உடுப்பாக வெட்டுவதும் இன்று உயர்கல்விக்கூடங்களில் ஆண்டுக்கணக்கில் படிக்கும் படிப்பாகிவிட்டன. தெப்ராவ் வட்டாரத்தில் எங்களிடம் படித்து, இப்போது ஐந்தாம் படிவத்தில் இருக்கும் மாணவி ஒருத்தி அந்தப் படிப்புக்குத்தான் போவேன் என்கிறாள். "தையல் மிஷின் மிதிக்கவா சார் இத்தனை வருஷம் படிக்க வைத்தோம்?" என்று அவளுடைய தாயார் எங்களிடம் கேட்டார். இதே கேள்வி வேறு சில வீடுகளிலும் எழுவதை நாங்கள் அறிவோம். ஆகவே அந்தப் பிள்ளை வீட்டுப் பின்கட்டில் செய்துபார்த்தவற்றை இன்று உங்களுக்கு விளக்கிச் சொல்லுகிறோம். கேட்டபின் முடிவு செய்யுங்கள்.

முதலில் அவள் தொடங்கியது முடிச்சில். ஆரம்பப் பள்ளியிலேயே காட்சிக்கலைப் பாடத்தில் துணியைக் கட்டிச் சாயத்தில் முக்குவதைச் சொல்லித்தருகிறோம். துணியைச் சிறு சிறு இடமாகக் கிள்ளி நூலால் இறுகக் கட்டினால், கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்தால் அங்கே வெள்ளைப் புள்ளி நிற்கும். இது ஏதோ புதிய நாகரிகம் என்று நினைக்கவேண்டாம். மதுரையில் சௌராஷ்டிர மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த சுங்குடிச் சேலை இதுதான். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள் போடுவார்கள். 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்று சந்தைக்கு வரும் சுங்குடிகளில் பல, முடிச்சுக்குப் பதில் மெழுகு அச்சில் உருவாகின்றன என்பது வேறு விஷயம்.

நம் மாணவி முடிச்சிட்டது தன் பழைய பள்ளிச் சட்டை ஒன்றில். கடையில் வாங்கிய நீலச் சாயத்தில் ஊறவைத்தாள். பாட்டியின் பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்றையும் அதே வாளியில் போட்டாள். வேட்டித் துண்டு ஆழ்ந்த நீலமாக வந்தது. சட்டையோ வெளிறிப்போய் வானம் போல் நின்றது. சாயம் ஒன்று, வாளி ஒன்று, நேரமும் ஒன்று. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

இங்கேதான் விஞ்ஞானம் உள்ளே வருகிறது. பருத்தி, செடியிலிருந்து வந்த நார். பாலியஸ்டர், பெட்ரோலியத்திலிருந்து செய்யப்பட்ட நார். பள்ளிச் சட்டைகள் பெரும்பாலும் இரண்டும் கலந்தவை. பருத்தியோடு வேதிமுறையில் பிணைந்துகொள்ளும் சாயம், பாலியஸ்டரில் பிடிக்க இடமில்லாமல் கழுவும்போது போய்விடும். சட்டையில் இருந்த பருத்திப் பங்கு மட்டுமே நீலமானது. உங்கள் வீட்டுத் துணி எந்த வகை என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாசனையுடன் எரிந்து மென்மையான சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். பெரியவர்கள் அருகில் இருந்து செய்யவேண்டிய சோதனை இது.

அடுத்தது மெழுகு. கிளந்தான், திரெங்கானு பக்கத்துப் பாத்தேக் துணிகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். உருக்கிய மெழுகைச் சிறு மூக்குள்ள செப்புக் கிண்ணத்தில் ஊற்றி, பேனாவால் எழுதுவதுபோல் துணியில் கோடு இழுப்பார்கள். அந்தக் கிண்ணத்துக்குச் சந்திங் என்று பெயர். மெழுகுக் கோடு வரப்பு மாதிரி. வரப்புக்கு இந்தப் பக்கம் ஊற்றிய சாயம் அந்தப் பக்கம் போகாது. மாணவியிடம் சந்திங் இல்லை. சாமிக்கு ஏற்றும் மெழுகுவர்த்தியை உருக்கித் தூரிகையால் பூசினாள். காய்ந்ததும் மெழுகு விரிசல் விட்டு, சாயம் மயிரிழை மயிரிழையாக உள்ளே புகுந்துவிட்டது. மெழுகுவர்த்தியில் இருப்பது பாரபின். அது எளிதில் நொறுங்கும். பாத்தேக் செய்பவர்கள் அதனுடன் தேன்மெழுகையோ மரப்பிசினையோ கலக்கிறார்கள். தேன்மெழுகு வளைந்து கொடுக்கும். பிசின் துணியை இறுகப் பற்றும். எவ்வளவு கலந்தால் எத்தனை விரிசல் என்று அவள் ஐந்து துண்டுத் துணிகளில் பார்த்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் அளவை எழுதித் தைத்துவைத்திருக்கிறாள். கலைஞர்கள் சிலர் அந்த விரிசலையே அழகென்று வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். வேண்டியபோது வரவழைக்கவும், வேண்டாதபோது தவிர்க்கவும் தெரிவதுதான் தொழில் தெரிந்தவருக்கு அடையாளம்.

மெழுகுக்குப் பதில் கித்தாப் பால் உதவாதா என்றும் அவள் கேட்டாள். பால்மரத்துப் பிள்ளை கேட்கவேண்டிய கேள்விதான்! நீர்வண்ண ஓவியர்கள், வண்ணம் படக்கூடாத இடத்தை மறைக்கப் பூசும் திரவம் கித்தாப் பாலில் செய்யப்படுகிறது. காகிதத்தில் அது உரித்தால் வந்துவிடும். பருத்தித் துணியில் பூசிப் பார்த்தாள். நூலுக்குள் ஊறி இறுகிவிட்டது. உரிக்க முடியவில்லை. மரம் சீவப் போனவர்களின் உடுப்பில் படிந்த கறை என்றைக்காவது போனதுண்டா? அவளுடைய தந்தையார் இதை முன்பே சொல்லியிருப்பார். ஆனாலும் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டது நல்லது என்பதே எங்கள் எண்ணம்.

பிறகு மரவள்ளி மாவைக் காய்ச்சிக் கஞ்சியாக்கிப் பூசினாள். இது நன்றாக வந்தது. ஆப்பிரிக்காவில், நைஜீரியா நாட்டு யோருபா பெண்கள் இதே மரவள்ளிக் கஞ்சியால் கோலமிட்டு, அவுரி நீலத்தில் துணி முக்குகிறார்கள். எங்கோ இருக்கும் தாய்மார்களுக்கும் நம் தோட்டத்து மரவள்ளிக்கும் இப்படி ஓர் உறவு. கஞ்சி வெந்நீரில் கரைந்துவிடும் என்பதால் குளிர்ந்த சாயத்தையே பயன்படுத்தவேண்டும்.

எங்களுக்கு மிகவும் பிடித்த சோதனை காசுக்கட்டியில் செய்தது. மலாயில் கம்பிர் என்பார்கள். வெற்றிலை போடுகிறவர்களுக்குத் தெரியும். இந்தத் தெப்ராவ் மண்ணில் பால்மரம் வருவதற்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டில், ஆற்றங்கரை நெடுகச் சீனர்கள் கம்பிரும் மிளகும் பயிரிட்டார்கள். ஜொகூர் அரசரிடம் ஆற்றுக்கு உரிமைக் கடிதம் பெற்று நடத்திய அந்த ஏற்பாட்டுக்குக் காங்சூ முறை என்று பெயர். 1917இல் அது ஒழிக்கப்பட்டது. இலையைக் கொதிக்கவைத்துக் கட்டியாக்க விறகுக்கென்று காட்டை வெட்டித் தீர்த்தார்கள். அவ்வளவு கம்பிரும் வெற்றிலைக்குப் போகவில்லை. தோல் பதனிடவும், துணிக்குச் சாயமிடவும் சிங்கப்பூர் வழியாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. நம் மாணவி கடையில் வாங்கிய காசுக்கட்டியைக் கொதிக்கவைத்துத் துணியைப் போட்டாள். செம்மண் நிறம் வந்தது. துருப்பிடித்த ஆணிகளைக் காடியில் ஊறவைத்த நீரில் அதே துணியை முக்கியபோது, கண்முன்னே கரும்பச்சை கலந்த சாம்பல் நிறமாக மாறியது. இரும்பும் துவர்ப்புச் சத்தும் சேர்ந்த விளைவு அது. இரும்பு மிகுந்தால் நாளடைவில் துணி இற்றுப்போகும் என்பதையும் குறித்துவைத்திருக்கிறாள்.

சோழமண்டலக் கரையின் சாயக்காரர்களும் இப்படித்தான், சாயவேரோடு படிகாரத்தைச் சேர்த்துச் சிவப்பையும், இரும்பைக் கொண்டு கறுப்பையும் வரவழைத்தார்கள். அந்தத் துணிகள் கடல் கடந்து இந்தத் தீவுகளுக்கு வந்து, வாசனைப் பொருள்களுக்கு மாற்றாயின. மலாய் அன்பர்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குக் கைன் பெலேகாட் என்று பெயர். சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டிலிருந்து வந்த பெயர் அது. நம் கொடியில் காயும் கைலிக்கு இத்தனை சரித்திரம்!

மாணவர் செய்யும் சோதனை விளையாட்டுத்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவர், விடுமுறையில் வீட்டிலேயே குவினைன் மருந்து செய்ய முயன்றார். மலேரியாக் காய்ச்சலுக்கு நம் முன்னோர் தோட்டங்களில் விழுங்கிய அதே கசப்பு மருந்துதான். குவினைன் வரவில்லை. கறுப்பாக ஏதோ படிந்தது. அதைக் கழுவும்போது ஊதா நிறம் கரைந்து வந்தது. பட்டில் தோய்த்தார், பிடித்துக்கொண்டது. தொழிற்சாலைச் சாயங்களின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் இந்திய அவுரி வயல்களையே அந்தத் தொழில் வீழ்த்தியது.

இப்போது பெற்றோர் அவசியம் கேட்கவேண்டியது. மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கக்கூடாது. அகலச் சட்டியில் நீர் கொதிக்க, அதற்குள் மெழுகுக் கிண்ணம் இருக்கவேண்டும். தப்பித்தவறித் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் தீ சீறிப் பரவும். அடுப்பை அணைத்து, மூடியால் மூடவேண்டும். பாத்தேக் சாயத்தூள் மூச்சில் போனால் ஆஸ்துமா வரக்கூடும். மூக்கை மூடிக்கொண்டு, காற்றாடி இல்லாத இடத்தில் கரைக்கவேண்டும். சாயத்தைத் துணியில் நிலைக்கவைக்கும் சோடியம் சிலிக்கேட் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும், கையுறை வேண்டும். மிஞ்சிய சாயத்தைக் கால்வாயில் கொட்டுவதும் தகாது. நம் கால்வாய் தெப்ராவ் ஆற்றுக்கும், ஆறு ஜொகூர் நீரிணைக்கும் போகிறது. பாத்தேக் பட்டறைகளின் கழிவுநீர் கிழக்குக் கரை ஆறுகளைக் கெடுத்தது போதும்.

சரி, இதைப் படித்தால் பிழைப்பு உண்டா? நேராகவே சொல்லுகிறோம்: எல்லாரும் பெரிய சம்பளத்துக்குப் போய்விடுவதில்லை. ஆனால் தையல் இயந்திரம் மட்டுமே கதி என்பதும் சரியன்று. சாயத் தொழிற்சாலையில் நிறம் பொருத்துபவர், மாதிரி உடுப்பு வெட்டுபவர், சொந்தமாகப் பாத்தேக் செய்பவர், பள்ளியில் கலை கற்பிப்பவர் என்று வழிகள் உண்டு. பினாங்கில் சுவா தியென் தெங் 1950களில் பாத்தேக் மெழுகைக் கொண்டே ஓவியம் தீட்டி உலகப் புகழ் பெற்றார். ராவாங்கில் உள்ள தேசியக் கைவினைக் கழகம் பாத்தேக், நெசவு ஆகியவற்றைக் கற்பிக்கிறது. தொழிற்கல்லூரிகளில் உடை வடிவமைப்பும் உண்டு. அங்கெல்லாம் மதிப்பெண்ணோடு கைவேலையும் பேசும். ஆகவே துணித் துண்டுகளை ஒட்டிய குறிப்பேட்டைக் குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். எத்தனை கிராம் சாயம், எத்தனை நிமிடம், எந்தத் துணி, என்ன ஆயிற்று என்று தேதியோடு எழுதச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்; இரண்டை மாற்றினால் எதனால் நிறம் மாறிற்று என்று தெரியாது.

அந்தத் தாயார் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கட்டிக் கலர் நல்லாருக்கு, ஒரு ரவிக்கைத் துணிக்குப் போட்டுக் குடு புள்ள" என்றாராம். படிப்பைப்பற்றி இன்னும் முடிவாகவில்லை. மற்ற வீடுகளிலும் பிள்ளைகள் வாளியும் சட்டியும் கேட்டால், பழையதாக ஒன்றைத் தனியே ஒதுக்கிக் கொடுத்துவிடுங்கள். அது மறுபடி சமையற்கட்டுக்கு வரவே கூடாது.