ஏரிக்கரையில் குடிக்கும் காபியும் ஏற்றுமதிதான்

சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலையில் காபிப் பயிரை அறிமுகப்படுத்தினார். இன்றும் ஏற்காட்டில் காபியும் மிளகும் விளைகின்றன. இங்கிருந்து காபிக்கொட்டை மலையிறங்கித் துறைமுகம் வழியாக வெளிநாடு போனால் அது ஏற்றுமதி. ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவர் ஏற்காடு ஏரிக்கரையில் ஒரு காபி வாங்கிக் குடித்தால் அது என்ன? மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "உள்ளூர் வியாபாரம்" என்றே பலரும் சொல்வார்கள். நாட்டு வருமானக் கணக்கில் அதுவும் ஏற்றுமதிதான்.

முதலாவதில் பொருள் வாங்குபவரைத் தேடிப் போகிறது. இரண்டாவதில் வாங்குபவர் பொருளைத் தேடி வருகிறார். இரண்டிலும் அந்நியச் செலாவணி நாட்டுக்குள் வருகிறது. 2019இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 1.09 கோடி பேர்; அவர்களால் கிடைத்த வருவாய் சுமார் 3,000 கோடி டாலர். கச்சா எண்ணெய் போன்ற இறக்குமதிகளுக்குப் பணம் செலுத்த இந்த வருவாயும் உதவுகிறது.

உள்ளூர்ப் பயணிக்கு மதிப்பு இல்லையா?

ஏற்காட்டுக்கு வருவோரில் மிகப் பெரும்பாலோர் நம் நாட்டவரே. 2019இல் தமிழ்நாடு முழுவதும் பதிவான வருகைகளில் வெளிநாட்டவருடையவை சுமார் 68.7 லட்சம், உள்நாட்டவருடையவை சுமார் 49.5 கோடி. சென்னையிலிருந்து வரும் குடும்பத்தால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி கிடைக்காது. ஆனால் மலைக்கு அது வெளியிலிருந்து வரும் புதுப்பணம். நாட்டுக்கு வெளிநாட்டவர் எப்படியோ, ஏற்காட்டுக்குச் சென்னைக்காரரும் அப்படியே.

வந்த பணம் தங்குகிறதா?

பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியலில் வரும் 'பெருக்கி' இங்கே உதவும். பயணி ஒருவர் 1,000 ரூபாய் செலவழிக்கிறார் என்று கொள்வோம். அதைப் பெறுவோர் ஒவ்வொரு சுற்றிலும் 60 விழுக்காட்டை உள்ளூரிலேயே திரும்பச் செலவிட்டால், பெருக்கி 1/(1−0.6) = 2.5. மலையில் உருவாகும் மொத்த வருமானம் 2,500 ரூபாய். 20 விழுக்காடு மட்டுமே உள்ளூரில் சுழன்றால் பெருக்கி 1.25, வருமானம் 1,250 ரூபாய். பயணி ஒருவரே, செலவும் ஒன்றே. ஆனால் பலன் பாதியாகிவிடுகிறது.

விடுதி உரிமையாளர் வெளியூரில் இருந்தால் இலாபம் அங்கே போகிறது. காய்கறி சமவெளியிலிருந்து வந்தால் அதற்கான பணம் மலையிறங்குகிறது. அறையை முன்பதிவு செய்யும் நிறுவனம் தன் தரகை எடுத்துக்கொள்கிறது. இதைப் பொருளியலார் 'கசிவு' என்பர். மலையாளிப் பழங்குடி மக்களின் விளைபொருள் விடுதிச் சமையலறைக்குப் போகிறதா, அவர்களின் பிள்ளைகளுக்கு விடுதியில் வேலை கிடைக்கிறதா என்பவற்றைப் பொறுத்தே இந்தக் கசிவு கூடும், குறையும். ஆகவே, எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, எவ்வளவு பணம் தங்கியது என்றும் கேட்க வேண்டும். நீரும் குப்பையும் செலவுப் பக்கத்தில் எழுதப்பட வேண்டியவை.

எது முதலில்?

சுற்றுலா நாட்டை வளர்க்கிறதா, வளர்ந்த நாட்டுக்குச் சுற்றுலா வருகிறதா? ஸ்பெயின் பற்றி 2002இல் வெளியான ஆய்வு, சுற்றுலா வளர்ச்சிக்கு வழிவகுத்தது என்றது. தென்கொரியா பற்றி 2005இல் வெளியான ஆய்வு, பொருளாதார வளர்ச்சியே சுற்றுலாவைக் கூட்டியது என்றது. ஒரே விடை எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. சாலையும் மின்சாரமும் மருத்துவ வசதியும் இருந்தால்தான் பயணி வருவார். அவர் வருவதால் அவை மேலும் பெருகவும் கூடும்.

இலங்கை தரும் பாடம்

2018இல் இலங்கைக்கு 23 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தனர். வருவாய் சுமார் 438 கோடி டாலர். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு அன்று குண்டுவெடிப்புகள் நிகழ்ந்தன. அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. 2021இல் வந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. ஏற்கெனவே இருந்த வெளிநாட்டுக் கடன், 2019இன் வரிக்குறைப்பு, 2021இன் இரசாயன உரத்தடை ஆகியவற்றோடு இந்த இழப்பும் சேர, எரிபொருளும் மருந்தும் வாங்க டாலர் இல்லாமல் போனது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசு நிறுத்திவைத்தது. நெருக்கடிக்குச் சுற்றுலா மட்டும் காரணமன்று. ஆனால் ஒரு பெரிய டாலர் ஊற்று வற்றினால் என்னவாகும் என்பதை நாம் பார்த்தோம். கொரோனா காலத்தில் பயணிகள் வராதபோதும் ஏற்காட்டின் காபிச் செடிகள் காய்க்கத்தான் செய்தன. சுற்றுலாவோடு வேளாண்மையும் வேண்டும் என்பதற்கு அதுவே சான்று.

வகுப்பறையில்

சுற்றுலா குறித்த பாடம் நடத்தும்போது ஒரு பயணியின் 1,000 ரூபாயைக் கரும்பலகையில் எழுதுங்கள். அறை, உணவு, படகு, வண்டி எனப் பிரித்து, ஒவ்வொரு தொகையும் அடுத்து யார் கைக்குப் போகிறது என்று மாணவர்களை அம்புக்குறி போடச் சொல்லுங்கள். ஊருக்குள் நிற்கும் அம்புகளைப் பச்சையிலும், வெளியே போவதைச் சிவப்பிலும் வரையட்டும். பெற்றோரின் வருமானத்தைக் கேட்க வேண்டாம்; கடையிலும் சந்தையிலும் அவர்கள் பார்ப்பதே போதும். உயர்வகுப்பினர் அதே படத்திலிருந்து பெருக்கியைக் கணக்கிடலாம். இறுதியில் ஒரு கேள்வி: ஒரு சிவப்பு அம்பைப் பச்சையாக்க நம் ஊரில் என்ன செய்யலாம்?