'பிறந்தது' 'ஒன்றுமில்லை' ஆன வரலாறு: இசுபானிய 'நாதா' என்னும் சொல்லின் பிறப்பும் பொருள்மாற்றமும்

முன்னுரை

இசுபானிய மொழியில் 'ஒன்றுமில்லை' எனப் பொருள்படும் சொல் 'நாதா'. இதன் இலத்தீன் மூலத்தில் எதிர்மறை உறுப்பு எதுவும் இல்லை. அதன் பொருள் 'பிறந்தது' என்பதாகும். உடன்பாட்டுச் சொல்லொன்று எதிர்மறைப் பொருள் பெற்ற முறையையும், அதன் தடம் இன்றைய தொடரமைப்பில் காணப்படுவதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மூலமும் ஒலிமாற்றமும்

இலத்தீனில் 'ரேஸ்' என்பது பொருள் அல்லது செய்தியையும், 'நாத்தா' என்பது 'பிறந்த' என்பதையும் குறிக்கும். 'ரேஸ் நாத்தா' என்னும் தொடருக்குத் 'தோன்றிய செய்தி', 'நேர்ந்த நிலை' என்பன பொருள். தேவைப்படும்போது மட்டும் உட்கொள்ள வேண்டிய மருந்தைக் குறிக்க மருத்துவர் வழங்கும் 'ப்ரோ ரே நாத்தா' என்னும் இலத்தீன் தொடரில் இவ்வழக்கு இன்றும் நிலவுகிறது. உயிர்களுக்கிடையே வரும் தகரம் இசுபானியத்தில் மெலிந்தொலிக்கும். 'வாழ்க்கை' எனப் பொருள்படும் 'வீத்தா' 'வீதா' ஆனதுபோல், 'நாத்தா' 'நாதா' ஆயிற்று. தொடரின் பெயர்ச்சொல் மறைய, அடைமொழி எஞ்சியது. பிரெஞ்சிலோ 'ரேஸ்' என்பதன் இரண்டாம் வேற்றுமை வடிவமே 'ரியன்' என நிலைத்து அதே பொருளைத் தருகிறது.

எதிர்மறைப் பொருளேற்றம்

எதிர்மறைத் தொடர்களில் 'ஏதேனும் ஒன்று' என்னும் அழுத்தப்பொருளில் இச்சொல் தொடர்ந்து பயின்றமையால், உடன்வந்த எதிர்மறைச் சொல்லின் பொருள் இதன்மீதும் ஏறியது. இத்தகைய நிகழ்வைப் பிரெஞ்சு மொழியியலாளர் மிசேல் பிரேயால் 1897இல் வெளியிட்ட பொருண்மையியல் நூலில் 'தொற்று' எனக் குறித்தார்.

'ஒன்றும் காணேன்' என்பதை இசுபானியர் 'நோ வேயோ நாதா' என்பர். 'நோ' எதிர்மறைச் சொல். 'வேயோ' என்பது 'காண்கிறேன்' என்னும் வினை. வினைக்குமுன் 'நாதா' வரின் 'நோ' நீங்கி, 'நாதா வேயோ' என்றாகும். முன்னதை இரட்டை எதிர்மறை எனக் குறைகூறுதல் பொருந்தாது. அங்கு 'ஏதேனும்' என்னும் பழம்பொருளின் தொடர்ச்சியே காணப்படுகிறது. 'இதுபோன்ற எதையேனும் கண்டதுண்டா?' என்னும் வகை வினாக்களில் எதிர்மறைச் சொல் இன்றியே 'நாதா' உடன்பாட்டுப் பொருளில் வருதல் இதற்குச் சான்றாகும்.

முடிவுரை

'என்ன வேண்டும்?' என்னும் வினாவிற்கு 'நாதா' என்னும் ஒரு சொல்லே இசுபானியத்தில் விடையாகும். தமிழில் 'ஒன்றும்' என்பது தனித்து விடையாகாது. 'ஒன்றும் வேண்டா' என எதிர்மறை வினை உடன்வர வேண்டும். எதிர்மறைத் தொடரில் பயின்றும் 'ஒன்றும்' தானே எதிர்மறைச் சொல்லாகவில்லை. 'நாதா' அந்நிலையைக் கடந்துவிட்டது. வேரை மட்டும் நோக்கின் 'நாதா'வின் இன்றைய பொருள் விளங்காது. ஆகவே, சொற்பிறப்பாய்வில் வேரோடு சொல் பயின்ற தொடரையும் ஆராய்தல் இன்றியமையாததாகும்.