வறுமையின் அளவுகோலும் ஜகாத்தும்

வறுமை எங்கே செறிந்திருக்கிறது என அறிய அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் எளிய அளவுகோலைக் கையாளுகின்றனர். நாடு, சராசரியாக 4,000 பேர் வாழும் கணக்கெடுப்புப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு பகுதியில் வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளோர் 40 விழுக்காட்டை எட்டினால், அது கடும் வறுமைப் பகுதியாகக் கொள்ளப்படும்.

நகரின் உட்பகுதிகளை இவ்வளவுகோல் நன்கு காட்டும், புறநகரைக் காட்டாது. 4,000 பேரில் 40 விழுக்காடு எனில் ஏழைகள் 1,600 பேர். அத்தகைய நான்கு புறநகர்ப் பகுதிகளில் 15 விழுக்காடே எனினும் ஏழைகள் 2,400 பேர். தொகையில் மிகுந்தும் இவர்கள் வரைபடத்தில் இடம்பெறார். 2000க்குப் பின் அமெரிக்கப் பெருநகர் வட்டாரங்களில் ஏழைகளின் தொகை நகரைவிடப் புறநகரில் மிகுந்துவிட்டது. எனவே இக்குறை சிறிதன்று.

இரந்து கேளாத தன்மானத்தால், அறியாதோர் செல்வரெனக் கருதும் ஏழைகளைத் திருக்குர்ஆன் (2:273) நமக்குச் சுட்டுகிறது. ஓர் ஊரில் திரட்டப்படும் ஜகாத்தில் அவ்வூர் ஏழைகளுக்கே முன்னுரிமை என்பது ஃபிக்ஹு அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. அந்நாட்டு முஸ்லிம்களின் ஜகாத் குழு இவ்வரைபடத்தை மட்டும் நம்பினால், தன் புறநகர்ப் பள்ளிவாசலின் அண்டை ஏழையையே தவறவிடும். விழுக்காட்டோடு தொகையையும் எண்ணினால்தான் உரியவரின் உரிமை அவரைச் சென்றடையும்.