பாலாவியும் பிசகிய ஆரூடங்களும்

கொழும்பிலிருந்து புத்தளஞ் செல்லும் பெருவீதியில், கற்பிட்டிக்குப் பாதை பிரிகின்ற சந்தியே பாலாவி. உப்பளங்களும் தென்னைகளும் சூழ்ந்த இவ்வூருக்கும் உலக இராஜதந்திரத்திற்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் வினவக்கூடும். வல்லரசொன்று நாளை நிகழப்போவதைக் கணித்த கணிப்பு, இங்கே விமான ஓடுபாதையாக உருப்பெற்றது என்பதே அச்சம்பந்தம்.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்தது இலங்கையே என்று பிரித்தானியர் அஞ்சினர். ஏப்ரல் முதலாந் திகதியளவில் யப்பானியர் தாக்குவர் என உளவுப் பகுதியினர் கூறினர். அட்மிரல் சோமர்வில் தமது கப்பற்படையுடன் தென்கடலிற் காத்திருந்தார். நாள் வந்தது, பகைவன் வரவில்லை. எரிபொருள் நிரப்பப் படை மாலைதீவின் அட்டுத் தீவை நோக்கிச் சென்றது. 4ஆந் திகதி கனடிய விமானி பேர்ச்சல் யப்பானியக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பினார். மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிற் குண்டுகள் வீழ்ந்தன. 9ஆந் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. ஆரூடம் பொய்க்கவில்லை, நான்கு நாள் பிந்திற்று, அவ்வளவுதான். அப்பிசகினாலேயே சோமர்வில்லின் படை முற்றாக அழியாது தப்பியது என்று கருதுவோரும் உளர்!

மீண்டும் வருவார்கள் என்னும் அச்சம் நீங்கவில்லை. 1943இல் புத்தளத்து விமானத்தளம் பிரித்தானியக் கடற்படையின் கீழ், கழுகைக் குறிக்கும் ‘ரஜாலியா’ என்னும் சிங்களப் பெயருடன் இயங்கலாயிற்று. அங்கே போர் விமானங்களை யானைகள் இழுத்துச் செல்லும் காட்சியை அக்காலப் புகைப்படங்களில் இன்றுங் காணலாம். அத்தகைய பெருந்தாக்குதல் மறுபடி நிகழவேயில்லை.

பின்னர் வல்லரசுகளின் போட்டி இந்து சமுத்திரத்தைச் சூழும் என்று கணித்த இலங்கை, அதனைச் சமாதான வலயமாக்கும் யோசனையை ஐக்கிய நாடுகள் சபையின் முன் வைத்தது. 1971 டிசெம்பர் 16இல் பொதுச்சபை அதனை ஏற்றது. தியாகோ கார்சியாத் தீவிலே அமெரிக்கத் தளம் வளர்வதை அத்தீர்மானம் தடுக்கவில்லை.

எல்லோருங் கடலையே நோக்கியிருக்க, பாலாவிக்கு ஆபத்தின் சுவடு தரைவழியே வந்தது. 1990 ஒக்டோபர் இறுதியில், வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஏறக்குறைய 75,000 பேர் வீடிழந்தனர்; அவர்களிற் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலே தஞ்சம் புகுந்தனர். தென்னந்தோப்புகளிற் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. தமக்கே போதாத கிணற்று நீரை உள்ளூரார் அவர்களுடன் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. பகைவனுக்கென ஓடுபாதை அமைத்த எந்தக் கணிப்பிலும் இம்மக்கள் இடம்பெற்றிருக்கவில்லை.

இன்று கற்பிட்டிப் பாதையில் நுரைச்சோலையிலே, சீனக் கடனுதவியுடன் எழுந்த 900 மெகாவாற் அனல் மின்நிலையம் நிற்கிறது. சீனாவின் அடுத்த அடி யாது, இந்தியா என் செய்யும் என்று ஆரூடங் கூறுவோர் மீண்டும் கடலையே பார்க்கின்றனர்.

பாலாவிக்கு அண்மையிலுள்ள தில்லையடியிற் பல கொட்டில்கள் கல்வீடுகளாகிவிட்டன. உங்கள் ஊர் எதுவென்று வினவினால், முதியோர் யாழ்ப்பாணம் என்றும் மன்னார் என்றும் கூறுவர். பேரப்பிள்ளைகள் புத்தளம் என்பர்.