மலைநாட்டு மொரிஸ் மைனர்

பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவோரின் உலகப் பேரவையாகிய ஃபீவா 1966இல் தோன்றியது. வரலாற்று வாகனம் என்னும் பெயருக்கு அது வகுத்துள்ள இலக்கணம் சுவையானது. வயது முப்பதேனும் நிரம்பியிருத்தல் வேண்டும். வரலாற்றுக்கு மாறுபடாத நிலையிற் பேணப்பட்டிருத்தல் வேண்டும். அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாதிருத்தல் வேண்டும். முதல் விதியில் ஹட்டன் வட்டாரத்துப் பழைய வண்டிகள் எளிதிலே தேறிவிடும். மற்ற இரண்டிலேதான் வழக்கு.

மொரிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் உருவாக்கிய இவ்வண்டி, 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அரங்கேறியது. நிறுவன முதல்வர் நஃபீல்ட் பிரபுவுக்கு அதன் உருண்டை வடிவம் பிடிக்கவில்லை. வெந்த முட்டை போலிருக்கிறது என்று முகஞ்சுளித்தாராம். அம் முட்டையே பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதல் பிரித்தானிய வண்டியாயிற்று. 1971இல் உற்பத்தி நின்றபோது பதினாறு இலட்சத்துக்கு மேல் வெளிவந்திருந்தன.

அவற்றிற் சில கடல் கடந்து வந்து, கினிகத்தேனைக் கணவாயேறி, நாலாயிரம் அடிக்கு மேலுள்ள நம் ஊரை அடைந்தன. துரைமாரிடமிருந்து கைமாறிப் பெரிய கிளாக்கரிடமும், கடைக்காரரிடமும், வாடகைக்கு ஓட்டுவோரிடமும் அவை சேர்ந்த கதையை இங்குள்ள முதியோர் நன்கறிவர். 803 கன சென்ரிமீற்றர் எந்திரத்துக்கு வலு முப்பது குதிரைதான். ஆயிரம் அடி ஏறுந்தோறும் நூற்றுக்கு மூன்று பங்கு வலு குன்றும். மெல்லிய காற்றிலே எரிபொருட் கலவை தடித்துப் புகை கக்கும். ஆகவே காபரேற்றரைச் சற்றே இறுக்கி ஓட்டுவது மலைநாட்டு வழக்கம். இறக்கத்தில் இரண்டாம் கியரை விட்டால், பிறேக் டிரம் சூடேறிப் பிடிப்பே போய்விடும். இவையெல்லாம் கைநூலிற் படித்து வந்த அறிவன்று. எண்ணெய்க் கறைபடிந்த கைகள் தாமே தேடிக்கொண்டது.

அக்கைகளுக்கு நல்ல பயிற்சி கொடுத்தது பஞ்சகாலம். அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களின் தொடக்கத்திலிருந்து வாகன இறக்குமதி சுருங்கிற்று. 1977இல் பொருளாதாரக் கதவு திறக்கும் வரை உதிரிப்பாகம் கிடைப்பதே அருமை. கராஜ் வைத்திருந்த பாஸ்மார் தேய்ந்த புஷ்ஷை லேத்திற் கடைந்து போட்டனர். ஒரு வண்டியின் கதவை மற்றொன்றுக்குப் பொருத்தினர். மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது. உடலும் சட்டமும் ஒன்றே. மலை மழையிலே அடித்தகடு துருப்பிடித்தால் எலும்பே அரிக்கப்பட்டதாகும். மேலே பட்டி தடவிச் சாயம் பூசி மறைப்பவர் ஒருவர். துருவை முற்றாக வெட்டியெறிந்து புதுத்தகடு ஒட்டவைப்பவர் ஒருவர். டிங்கரிங் தொழிலின் மானம் இவ்விருவருக்கும் இடையிலேதான் இருக்கிறது.

இனி எந்திர மாற்றம். பழைய எந்திரத்தை இறக்கிவிட்டு நிசான் சன்னியின் எந்திரத்தை ஏற்றிய மைனர்கள் இந்நாட்டில் உண்டு. தூய்மைவாதிகள் இதனைப் பெருங்குற்றம் என்பர். அவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. மைனரின் மூல எந்திரம் எது? 1948இல் இருந்தது மொரிஸின் 918 கன சென்ரிமீற்றர் எந்திரம். 1952இல் ஒஸ்டினும் மொரிஸும் இணைந்ததும், அது கழற்றப்பட்டு ஒஸ்டின் எந்திரம் புகுந்தது. அதே 1952இல்தான் நிசான் நிறுவனம் ஒஸ்டினுடன் உடன்படிக்கை செய்து, அவ்வண்டிகளை யப்பானில் ஆக்கக் கற்றது. குருவின் வீட்டுக்குச் சீடன் திரும்பி வந்ததைப் பிழையென்று எப்படிச் சொல்வது? போகட்டும், இசிகோனிஸே தம் மாதிரி வண்டியை நெடுக்காகப் பிளந்து நான்கு அங்குலம் அகலமாக்கிய பின்னரே மனநிறைவு அடைந்தார். மூடியின் நடுவே மேலெழுந்து ஓடும் பட்டை அந்த வெட்டின் அடையாளம்.

எனினும் எல்லா மாற்றத்தையும் நாம் ஏற்பதற்கில்லை. ஏற்றம் ஏறுவதற்காகச் செய்த மாற்றம் வேறு. கண்ணைப் பறிப்பதற்காக அகன்ற சக்கரமும் அலறும் குழலும் பூட்டுவது வேறு. முன்னதில் இம்மலையின் வரலாறு இருக்கிறது. பின்னதில் கடைவிலைச் சீட்டு மட்டுமே இருக்கிறது. சொந்தக்காரர் தம் பெயரோடு, வண்டியை உயிர்ப்பித்த பாஸின் பெயரையும் சொல்லிப் பெருமைப்படுவாராயின், அந்தப் பெருமை நேர்மையானது. 1990களில் இலங்கையிலேயே மைனருக்கான தகட்டு உறுப்புகள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. பிறந்தகத்துக்கே சீர் அனுப்பியவர்கள் நம்மவர்.

இலக்கத்தகடு பற்றியும் ஒரு சொல். சீ.என்., ஈ.எல். போன்ற ஆங்கில எழுத்துகளைத் தாங்கிய பலகையைச் சொந்தக்காரர் பெருமையோடு காட்டுவர். 1957இல் அவ்விடத்துக்கு வந்தது சிங்கள ஸ்ரீ. அதனை எதிர்த்து 1958 ஏப்ரலில் பொகவந்தலாவையிலே தோட்டத் தொழிலாளர் திரண்டபோது பொலிஸார் சுட்டனர், உயிர்ப்பலியும் நேர்ந்தது. ஹட்டனிலிருந்து அங்கே செல்வது அதே வளைந்த பாதைதான். தகட்டைத் துலக்கி மெருகேற்றும்போது அவ்வெழுத்தையும் அவர்கள் துலக்கத்தான் செய்கிறார்கள்.