செம்மேப்பிள் வளர்க்கும் முறை

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குரிய செம்மேப்பிள், வசந்தத்தில் இலை தளிர்க்குமுன் செம்மலர் பூக்கும். இலையுதிர் காலத்தில் தழலெனச் சிவக்கும். ஆதலின் அங்குள்ளோர் வீட்டு வளவுகளில் இதனை விரும்பி நடுவர்.

40 முதல் 60 அடி வரை உயர்ந்து, வேரை மேலோட்டமாய்ப் பரப்பும் மரமாதலால், வீட்டையும் நடைபாதையையும் விட்டு விலக்கி நடுதல் வேண்டும். அமிலத்தன்மையுள்ள மண்ணே உகந்தது. சுண்ணாம்பு மிக்க மண்ணில் மாங்கனீசுச் சத்துக் கிட்டாமையால் இலைகள் மஞ்சளிக்கும்.

நடுவோர் இழைக்கும் பெரும் பிழை யாது? கன்றை ஆழ நட்டு, அடிமரத்தைச் சுற்றி மரச்சீவலைக் குவிப்பதே. ஈரத்தால் பட்டை அழுகும். வேர்கள் வளைந்து தண்டையே நெரிக்கும். இக்கேடு பல்லாண்டு கழித்தே வெளிப்படும். அப்போது மரத்தைக் காத்தல் அரிது. எனவே, வேர் பிரியுமிடம் மண்ணுக்கு மேல் தெரியுமாறு நடுக; மரச்சீவலை 3 அங்குலக் கனத்தில், தண்டைத் தீண்டாது பரப்புக.