மரத்தளம் இற்றுப்போவது எங்கே?

ரொறன்ரோவின் ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டின் பின்கதவைத் திறந்தால் பன்னிரண்டடிக்குப் பத்தடியில் ஒரு மரத்தளம். இந்த ஊரில் எல்லோரும் டெக் என்றுதான் சொல்வார்கள். முன்பு இந்த வீட்டில் இருந்தவர் 2002இல் போட்டது. கோடையில் நாலு நாற்காலி போட்டுத் தேநீர் குடிப்போம். குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் கிடந்த கறிவேப்பிலைத் தொட்டி அங்கேதான் வெயில் காணும். போன வசந்தத்தில் பனி உருகியதும் கதவோரப் பலகை ஒன்று காலடியில் அமுங்கியது. ஒரு பலகையை மாற்றினால் போதும் என்று நினைத்துத் தச்சரை அழைத்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். வந்தவர் பலகையைத் தூக்கிவிட்டு, வீட்டுச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்த சட்டத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினார். ஓர் அங்குலம் தடையில்லாமல் உள்ளே போனது.

“பலகையைப் பாக்காதேங்கோ அண்ணை, இதைப் பாருங்கோ” என்றார்.

உதிர்ந்ததைக் கையில் வாங்கினேன். சாக்லேட் நிறம். சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்திருந்தது. விரலால் நசுக்கினால் மாவாகிவிட்டது.

இது பழுப்பு அழுகல். ஒரு வகைப் பூஞ்சையின் வேலை. மரத்துக்கு இழுவலிமை தருவது செல்லுலோஸ் என்னும் நார். அந்த நார்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை போன்றது லிக்னின். பூஞ்சை நாரைத் தின்றுவிட்டு, நிறம் கொண்ட லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அதனால்தான் அந்தப் பழுப்பு. தின்னும் விதமும் வியப்பானது. பூஞ்சையின் நொதிகள் உருவில் பெரியவை. மரச்செல்லின் சுவருக்குள் அவற்றால் நுழைய முடியாது. ஆகவே முதலில் இரும்பையும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் வினைபுரிய வைத்து, எதையும் உடைக்கக்கூடிய மிகச்சிறு துகள்களை உண்டாக்கி அனுப்புகிறது. அவை நாரைத் துண்டாக்கிய பிறகே நொதிகள் பந்திக்கு உட்காருகின்றன. மரத்தின் எடை கொஞ்சம் குறைவதற்குள் அதன் வலிமையில் பெரும்பங்கு போய்விடுவது இதனால்தான். பார்வைக்கு நன்றாக இருக்கும் சட்டம் திடீரென முறிவதற்கும் இதுவே காரணம். 2015 ஜூனில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் அடுக்குமாடி பால்கனி ஒன்று முறிந்து விழுந்து ஆறு மாணவர்கள் இறந்தார்கள். உள்ளே மரம் இற்றிருந்தது.

பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். மரத்தின் எடையில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. 30ஐ நெருங்கினால் கொண்டாட்டம். மழையில் நனைந்து வெயிலில் காயும் மேல்பலகை தப்பித்துக்கொள்கிறது. சுவருக்கும் சட்டத்துக்கும் இடையில் இறங்கிய நீர் காய வழியில்லை. இன்னொன்று, மரம் பக்கவாட்டில் நீரை மெதுவாகத்தான் குடிக்கும்; அறுத்த முனையில் குழாய்க்கட்டைப் போல உறிஞ்சும். எங்கள் டெக்கில் இற்றிருந்தவை எல்லாம் அறுத்த முனைகளும் போல்ட் துளைகளும்தான்.

நம் ஊரில் வைரம் பாய்ந்த தேக்குக்கு இந்தக் கவலை குறைவு. அதன் எண்ணெயும் வேதிப்பொருள்களும் பூஞ்சையை அண்டவிடாது. கனடாவின் ஸ்புரூஸ், பைன் மரங்களுக்கு அந்தப் பாதுகாப்பைப் புறத்திலிருந்துதான் ஏற்ற வேண்டும். அழுத்தத் தொட்டியில் அடைத்து மருந்து ஏற்றுவார்கள். அப்படிப் பல பத்தாண்டுகள் உலகமே பயன்படுத்திய மருந்து ஓர் இந்தியரின் கண்டுபிடிப்பு. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொந்தி காமேசம் 1933இல் செம்பு, ஆர்செனிக், குரோமியம் மூன்றையும் சேர்த்தார். செம்பு பூஞ்சையைக் கொல்லும், ஆர்செனிக் பூச்சியையும் செம்புக்கு அசையாத பூஞ்சைகளையும் கொல்லும், குரோமியம் இரண்டையும் மழையில் கரையாமல் மரத்தோடு பிணைக்கும். இந்தப் பெயர் நம் பள்ளிப் புத்தகங்களில் இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை.

ஆனாலும் ஆர்செனிக் ஆர்செனிக்தான். சிறிதளவு கசிவதால், குழந்தைகள் விளையாடும் இடங்களை எண்ணி, 2003 முடிவோடு அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டு உபயோகத்துக்கு அதை நிறுத்தினார்கள். எங்கள் டெக் அதற்கு முந்தியது. பழைய மரத்தை விறகாக்கினால் சாம்பலில் ஆர்செனிக் தங்கும். எரிக்கவே கூடாது, குப்பைக் கிடங்குக்கு அனுப்பும் கூலியும் செலவுக் கணக்கில் முதல் வரியாகச் சேர்ந்தது.

இப்போதைய மருந்துகளில் செம்பு அதிகம். அது சாதாரண ஆணியையும் அலுமினியத் தகட்டையும் அரித்துவிடும். துத்தநாகக் குழம்பில் முக்கியெடுத்த திருகாணி வேண்டும், அல்லது துருப்பிடிக்காத எஃகு. மேலும் கனடா மரத்தில் மருந்து சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்குவதில்லை. அறுத்த இடமெல்லாம் மருந்தேறாத மரம். அங்கே செம்பு மருந்தைத் தூரிகையால் பூசியே ஆக வேண்டும். ஒரு டப்பா மருந்து, அரைமணி நேர வேலை. 2002இல் யாரோ அதை விட்டுவிட்டார்கள்.

கணக்கைப் பார்ப்போம். ஆறங்குலப் பலகை என்று விற்பது உண்மையில் ஐந்தரை அங்குலம். பத்தடியை மூட 20 போதாது, 22 வேண்டும். அடியில் 16 அங்குலத்துக்கு ஒன்றாகப் பத்துச் சட்டங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு திருகாணி என்றால் 440. வெளிப்புற உத்தரத்தைத் தாங்க மூன்று தூண்கள். ரொறன்ரோவில் தூணின் அடித்தளம் நாலடி ஆழம் போக வேண்டும். அதற்கு மேலே மண்ணீர் உறைந்து, கீழிருந்தும் நீரை இழுத்துப் பனித்தட்டாகத் தடித்து, தூணையே மேலே தள்ளும். பத்தங்குல விட்டக் குழி ஒன்றுக்கு ஏறக்குறைய 140 கிலோ கான்கிரீட். மூன்று குழிக்கு 420 கிலோ, அத்தனையும் மண்ணுக்குள். தோண்டும் முன் ஒன்டாரியோ ஒன் கால் என்னும் சேவைக்குச் சொன்னால் எரிவாயுக் குழாய், மின் கம்பி போகும் இடங்களை இலவசமாகக் குறித்துத் தருவார்கள். தளம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டருக்கு மேலே இருந்தால் நகராட்சி அனுமதியும் வேண்டும்.

மர விலையை நம்பித் திட்டம் போட முடியாது. கொரோனா காலத்தில், 2021 மே மாதம், அமெரிக்கச் சந்தையில் ஆயிரம் போர்டு அடி மரம் 1,600 டாலரைத் தாண்டியது. அதற்கு முன் 400 டாலர் அளவில் இருந்தது. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை இற்றுப்போகாது என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். பெருமளவு உண்மைதான். ஆனால் அதைத் தாங்கும் சட்டம் மரம்தானே! அடிச்சட்டம் இற்றுப்போன டெக்கில் விலையுயர்ந்த மேல்பலகை போடுவது வீண்செலவு.

எங்கள் மொத்தச் செலவில் மிகச் சிறிய தொகை, சுவரிலிருந்து சட்டத்தின் மேலே மடித்துப் பதித்த நீர்தடுப்புப் பட்டைக்குப் போனது. ஃப்ளாஷிங் என்பார்கள். பழைய டெக்கில் அது இல்லவே இல்லை. நீங்கள் டெக் மாற்றுவதாக இருந்தால், தச்சர் தரும் மதிப்பீட்டுத் தாளில் அந்த ஒரு வரியைத் தேடுங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.